வாமதேவனின் இடப்பக்கம்

குமுதினிக்கு ஆட்களைப் பார்க்கத் தெரியும், பேசத்தான் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. லண்டனுக்கு வந்து இருபத்தெட்டு வருசமாகியும் இங்கிலிஷில் ஒருவருக்கும் போன் எடுத்ததில்லை. டொக்டரோ கவுன்சிலோ, மகள் மிதுஷாதான் பேசுவாள். வேலையைக்கூடப் பேசத் தேவையில்லாததாகத்தான் குமுதினி தேடிப் பிடித்திருந்தாள். குரோய்டனில் ஒரு கந்தோர்க் கட்டடத்தில் பின்னேரத் துப்பரவு. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு போவாள். மேசையில் கிடக்கிற மருந்துப் பெட்டியையும் கடித்த பேனையையும் பார்த்தே அந்தக் கதிரைக்காரருக்கு என்ன கவலை என்று கண்டுபிடித்துவிடுவாள்.

புருசன் வாமதேவன் அதற்கு நேர்மாறு. கோலியர்ஸ் வுட்டில் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. நடக்கவோ பேசவோ சிரமப்படுகிற பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கும் மினிபஸ்ஸைப் பதினொரு வருசமாக ஓட்டுகிறார்.

முப்பதாவது கலியாண நாளுக்கு மிதுஷா கேட்காமலே ஒழுங்கு செய்துவிட்டாள். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையோரமாக நான்கு நாள் சைக்கிள் பயணம். வைன் செய்கிற ஊர்கள். பெட்டிகள் வான் வண்டியில் முன்னுக்குப் போய்விடும், இவர்கள் சைக்கிளில் ஓடிப்போய்ச் சேர்ந்தால் போதும். மே மாதக் கடைசியில் பள்ளிக்கூட லீவு வந்தபடியால் வாமதேவனுக்கும் வேலை இல்லை.

"எனக்கு வைனும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்," என்றாள் குமுதினி.

"யாழ்ப்பாணத்திலை பெற்றோல் இல்லாத காலத்திலை நீர் ஓடாத ஓட்டமே?" என்று சிரித்தார் வாமதேவன். "ஆறு போற வழியிலை நாங்களும் போறம். மேடே இல்லையாம்."

மேடு இல்லைத்தான். ஆனால் ஆற்றின் இரண்டு பக்கமும் சுவர்போலச் சரிவுகள் நின்றன, சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. அதில் நின்று வேலை செய்கிறவர்கள் எப்படி உருண்டு விழாமல் இருக்கிறார்கள் என்று குமுதினிக்குப் பயமாக இருந்தது. கண்ணை எடுத்து, முன்னால் போகிற புருசனின் முதுகில் வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் கண்டாள்.

அங்கே எல்லாம் வலப்பக்கத்தால் போகவேண்டும், எதிரே வருகிறவர்கள் இடப்பக்கமாகக் கடந்து போவார்கள். முதல் மணித்தியாலத்திலேயே வாமதேவன் நான்கு பேரை இடிக்கப் பார்த்தார். மணி அடித்தார்கள். ஒரு பெண் ஏதோ கத்திவிட்டுப் போனாள்.

"லண்டன் பழக்கம்!" என்று அவர் திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டார். "கை தானா இடப்பக்கம் போகுது!"

அவளும் சிரித்தாள். இருக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

பின்னேரம் ஒரு வைன்காரர் வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். ருசி பார்க்க ஆறு சின்னக் கிளாஸ்களை வரிசையாக வைத்துவிட்டுப் போனார் வீட்டுக்காரர். குமுதினி தண்ணீர் குடித்தாள். வாமதேவன் ஒவ்வொன்றாகக் குடித்து, "இது புளிக்குது, இது பரவாயில்லை" என்று விளக்கம் சொன்னார். நாலாவதோடு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"மிச்சம் ரெண்டும் வேண்டாமே?"

"எந்த ரெண்டு?"

கழுத்தைத் திருப்பினார். இடப்பக்கம் இரண்டு கிளாஸ்கள் தொடாமல் நின்றன. "அட!" என்று ஒரே மூச்சில் இரண்டையும் குடித்தார். அவர் சிரித்த சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்தது.

அன்றைக்கு அவள் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மாசி மாதத்திலிருந்து இவர் பேப்பர் வாசிப்பதில்லை. தட்டில் இடப்பக்கத்துக் கறி மிஞ்சுகிறது. மினிபஸ்ஸின் கண்ணாடி உடைந்து கிடந்தபோது, நிறுத்தியிருந்த வண்டியில் யாரோ தட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார். எந்தப் பக்கத்துக் கண்ணாடி? இடப்பக்கம்.

மறுநாள் காலை பாதையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அவள் வேகமாக மிதித்து அவருக்கு இடப்பக்கமாகப் போனாள். ஒரு முழம் தள்ளி, அவருக்குச் சமமாக ஓடினாள். அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நேரே பார்த்தபடி போனார். அவள் கையைத் தூக்கினாள், ஆட்டினாள். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பக்கத்தில் ஓடுகிற பெண்சாதி அந்த மனிதனின் உலகத்தில் இல்லை. பின்வாங்கி, வலப்பக்கம் போய் விரலை மட்டும் அசைத்தாள்.

"என்ன குமுதி, களைச்சுப் போனீரே?" என்று உடனே கேட்டார்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கவும், இடப்பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒழுங்கையால் ஒரு டிராக்டர் இறங்கி வரவும் சரியாக இருந்தது. அதன் இரைச்சல் சரிவெங்கும் எதிரொலித்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவர் வலப்பக்கம் ஆற்றைப் பார்த்தார்.

"நில்லுங்கோ! இடப்பக்கம்! இடப்பக்கம்!"

தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. வாமதேவன் பிரேக்கை இறுக்கினார். சைக்கிள் சறுக்கிப் புல்லில் விழுந்தது. டிராக்டரின் முன்சில்லு அவருடைய சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஓட்டிவந்த கிழவர் குதித்து இறங்கினார். ஏசுவார் என்று குமுதினி நினைத்தாள். ஏசவில்லை. வெளுத்த முகத்தோடு தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

கிழவர் போன பிறகு இருவரும் ஆற்றைப் பார்த்திருந்த மர வாங்கில் இருந்தார்கள். அவருடைய முழங்காலில் கசிந்த ரத்தத்தை அவள் லேஞ்சித் துணியால் ஒற்றினாள்.

"எப்பயிலிருந்து?" என்று கேட்டாள்.

"எது?"

"நான் பக்கத்திலை ஓடிக் கை காட்டினனான். நீங்கள் காணேல்லை."

அவர் சப்பாத்தில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். "மாசியிலை ஒரு தலையிடி வந்ததெல்லே. அதுக்குப் பிறகு. ஒரு பக்கம் இல்லாத மாதிரி. கழுத்தைத் திருப்பிப் பாத்தால் எல்லாம் தெரியுது. சமாளிக்கலாம்."

"டொக்டரிட்டைச் சொன்னீங்களே?"

"சொன்னால் லைசன்ஸைப் பறிப்பினம். பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம்தான், குமுதி. லண்டனிலை பிரச்சினை இல்லை. அங்கை எதிர்வாகனம் வலப்பக்கத்தாலைதானே வாறது."

"ஓம். அங்கை உங்கட இடப்பக்கம் என்ன இருக்கு?"

"பேவ்மென்ட்."

"பேவ்மென்டிலை ஆர் நிக்கினம்?"

ஆற்றில் ஒரு நீளமான சரக்குப் படகு போனது. அது வளைவில் மறையுமட்டும் அவர் அதையே பார்த்தார். பிறகு, "மிதுஷாவுக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார்.

அவள் சொல்லவில்லை. மிச்சப் பயணத்தை ரயிலில் செய்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்கள். "வாவ் அம்மா!" என்று அவளும் இதயம் இதயமாகப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வாமதேவன் சப்பாத்து மினுக்கினார். "வாற கிழமை டொக்டரிட்டைப் போறன். நாளைக்கு மட்டும் ஓடிப்போட்டு வாறன். திடீரெண்டு நிண்டால் பிள்ளையளுக்கு ஆர்?"

குமுதினி அவருடைய வேலை அட்டையிலிருந்த மினிபஸ் கொம்பனியின் நம்பரை ஒரு துண்டில் எழுதி எடுத்தாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் நான்கு இங்கிலிஷ் வசனங்களைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள்.

திங்கள் காலை ஆறு மணி. அவர் மேலே முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் குசினியில் நின்று நம்பரை அமத்தினாள். முதல்தரம் நம்பர் பிழையாகப் போனது. இரண்டாந்தரம் மணி அடித்தது. யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகவே இன்னும் பயந்தாள்.

ஒரு பெண் குரல் எடுத்தது. நான்கு வசனமும் ஓடிப்போய்விட்டன.

"மை ஹஸ்பண்ட், வாமதேவன். டிரைவர். ஹி கான்ட் சீ லெஃப்ட் சைட். நோ டிரைவிங். டுடே நோ."

அந்தப் பெண் திருப்பிச் சொல்லச் சொன்னாள். குமுதினி திருப்பிச் சொன்னாள். நீங்கள் யார் என்று அந்தப் பெண் கேட்டாள். "வைஃப். குமுதினி."

படிக்கட்டில் காலடி நின்றது. வாமதேவன் கோட்டைப் போட்டபடி கடைசிப் படியில் நின்றார்.

"போனை வையும்," என்றார் மெதுவாக.

அவள் வைக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்தால் கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண். குமுதினி கையை நீட்டினாள். அவருடைய இங்கிலிஷ் நல்ல இங்கிலிஷ். பெண்சாதிக்குப் பாஷை விளங்காது, குழம்பிப்போனாள் என்று சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். ஏழு மணிக்கு முதல் பிள்ளை பேவ்மென்டில் வந்து நிற்கும்.

அவர் போனை வாங்கினார். காதில் வைத்தார். அந்தப் பக்கம் இரண்டுதரம் ஹலோ சொல்லக் கேட்டது.

"ஓம்," என்றார் தமிழில். பிறகு, அது உண்மைதான் என்று இங்கிலிஷில் சொன்னார். படியிலேயே குந்தி இருந்தார். மாசியிலிருந்து என்றார். இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றார். இன்றைக்கே டொக்டரிடம் போவதாகச் சொன்னார். போனைத் திருப்பிக் கொடுக்கக் கையைத் தூக்கியவர், மறுபடி காதில் வைத்தார்.

இன்றைக்கு யாரை அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டார். புது டிரைவரிடம் கட்டாயம் சொல்லச் சொன்னார். இரண்டாவது வீட்டில் ஹோர்ன் அடிக்கக் கூடாது. அடித்தால் அந்தப் பிள்ளை அன்று முழுக்க வெளியே வரமாட்டாள். இறங்கிப் போய்க் கதவில் இரண்டு தட்டு, பிறகு நான்கு அடி பின்னால் தள்ளி நிற்கவேண்டும், அவளாக வருவாள். எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். வாசித்துக் காட்டச் சொன்னார்.