இருபத்தோராம் நாள்

இலங்கையில் கேகாலைக்கு மேலே, வெள்ளைத் துரைமார் காலத்துப் பழைய பூங்காவை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. மரத்துக்கு ஒரு கொடையாளர், மரத்தடியில் அவர் பெயர்ப் பலகை. அந்தப் பணத்தில்தான் அங்கே எல்லாருக்கும் சம்பளம். ஆனிக் காற்றில் மூத்த தூரியன் பழமரம் வேரோடு சாய்ந்தது. விழுந்த மரத்துக்கு யார் பணம் தருவார்?

பூங்காவில் களையெடுக்கும் பவளராணி, ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் மொட்டு ஒட்டியவள். யாரையும் கேட்கவில்லை. விழுந்த மரத்தின் மொட்டுகளைப் பட்டையோடு பெயர்த்து, நாற்றுமேடையில் நின்ற நாற்பது தூரியன் கன்றுகளில் பொருத்திக் கட்டினாள்.

பத்தாம் நாளே மேலாளர் கிரிசாந்துக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். "அக்கா, இப்ப அவிட்டுப் பாக்கேலாதோ?"

"கைய எடுங்க சேர்! இருபத்தோரு நாளைக்கு முந்தி அவுத்தா செத்துப்போகும்."

இருபத்தோராம் நாள் காலை கட்டை அவிழ்த்து நகத்தால் சுரண்டினாள். பச்சை. அடுத்ததும் பச்சை. நாற்பதில் முப்பத்தேழு உயிரோடு இருந்தன. மூத்த மரத்தின் வாரிசுகள் என்றதும், மாதம் முடிவதற்குள் அத்தனைக்கும் கொடையாளர்கள் வந்துவிட்டார்கள்.

முதல் கன்றின் பலகையில் அவள் பெயரையே போட விரும்பினார் கிரிசாந்.

"என் பேரப் போட்டா யாரு சேர் சம்பளம் குடுப்பா? குடுக்கிறவங்க பேரப் போடுங்க. இன்னும் நாலு கிழட்டு மரம் நிக்குது. அதுங்க விழுற வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன், இப்பவே மொட்டெடுத்து ஒட்ட நாத்து வாங்கித் தாங்க!"