ரைத்தாவின் மூக்குக் கிண்ணி

ஃபுஸ்தாத் நகரில் பெண்களுக்கு ரத்தம் வாங்குகிறவள் ரைத்தா. முதுகில் நாலு கீறல் போட்டு, அதன்மேல் கண்ணாடிக் கிண்ணியைக் கவிழ்த்து, கிண்ணியின் நீள மூக்கு வழியாக வாயால் காற்றை இழுத்தால் கெட்ட ரத்தம் ஏறி வரும். தலைவலி, தோள்பிடிப்பு, மாமியார் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். பிறை பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று தவிர வேறு நாளில் எவளும் முதுகைக் காட்ட மாட்டாள், தலையே வெடித்தாலும் சரி.

அவள் புருஷன் முஃபள்ளல் நன்றாக அத்தர் வடிப்பவன். அதோடு இருந்திருக்கலாம். எவனோ ரசவாதம் என்று காதில் ஓதிவிட்டுப் போனான். முட்டை மஞ்சளில் தங்கத்தின் விதை இருக்கிறதாம். பதினொரு வருஷமாக முட்டையை அத்தர் வடிக்கும் பானையான வாலையில் வடித்து, வீடு நாறியதுதான் மிச்சம்.

கடைசியில் அவனே ஆணையிட்டான். "நாப்பது நாள் புடம். தங்கம் வரலேன்னா உலையை நானே இடிச்சுட்டு அத்தருக்குத் திரும்பிடறேன்."

ரைத்தா நாள் எண்ணத் தொடங்கினாள். அவன் சாக்குச் சொல்லிவிடக் கூடாதே என்று கேட்ட முட்டையெல்லாம் கொடுத்தாள்.

முப்பத்தொன்பதாம் நாள் பிறை பதினேழு. ஊர் நீதிபதி காஜியார் வீட்டுக்குக் கிளம்பினால் கிண்ணியைக் காணோம்.

"வாலை மூடி உடைஞ்சு போச்சு. உன்னோடது அச்சாப் பொருந்துச்சு" என்றான் முஃபள்ளல். கிண்ணி பானைமேல் கவிழ்ந்து, ஆவி போகாமல் சீலைமண் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "நாளைக்கு எடுத்துக்க."

"காஜியார் சம்சாரம் பதினெட்டுல முதுகு காட்டுவாளா?"

"இன்னைக்கே திறந்தா அந்த ஆணை செல்லாது, ரைத்தா. பார்த்துக்க."

பாவி மனுஷன். உலை ஒழிய வேண்டுமானால் காஜியார் வீடு கைவிட்டுப் போகும். அது போனால் ஊரே போகும். ரைத்தா அழுதுகொண்டே மண்ணைச் சுரண்டிக் கிண்ணியைப் பெயர்த்தாள். அவசரத்தில் சாம்பலால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

காஜியார் மனைவியின் முதுகிலிருந்து கிண்ணியை எடுத்தபோது, பளீரென்று ஒரு மஞ்சள் வளையம். விளிம்பில் ஒட்டியிருந்த முட்டை வடிப்பு! ரைத்தாவுக்கு உயிரே போய்விட்டது. பணிப்பெண் கண்ணாடி பிடித்துக் காட்டினாள்.

"என்னடி இது?"

"பித்தம்தாம்மா" என்று வாய் தானாகச் சொன்னது. "உள்ளே தேங்கிக் கிடந்திருக்கு."

"அதானே பார்த்தேன். நாலு வருஷமா எடுக்கறே, வெறும் சிவப்புதான் வந்துச்சு. இன்னைக்குத்தான் தலை லேசா இருக்கு."

அம்மாள் அந்த வளையத்தை ஹம்மாம் குளியல்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினாள். பிறை பத்தொன்பதில் ரைத்தாவைக் கூப்பிட எட்டு வீடு. கிண்ணியோ இப்போது நன்றாகத் தேய்த்துக் கழுவியது. முதல் வீட்டிலேயே முகம் சுளித்தார்கள்.

"காஜியார் பொண்டாட்டிக்கு மட்டும்தான் பித்தமா? எங்களுக்கெல்லாம் என்ன தண்ணியா ஓடுது?"

மற்ற ஏழு வீட்டுக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு ரைத்தா வீடு திரும்பினாள். அங்கே முஃபள்ளல் கடப்பாரையும் கையுமாக உலை முன்னால் நின்றான்.

"ரெண்டு நாளா யோசிச்சேன் ரைத்தா. ஆணை செல்லாட்டி என்ன? உன்னை அழ வெச்சது போதும். இந்தச் சனியனை இடிச்சுடறேன்."

பதினொரு வருஷமாக அவள் கேட்கத் தவம் கிடந்த சொல். அவள் போய்க் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள். அவமானத்தில் முகம் எரிந்தது.

"பிறை இருபத்தொண்ணுக்குள்ள இன்னொரு தடவை வடிச்சுக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.