துறைமுகத்தில் ஐயாவுக்கு இருந்த பெயர்

ஐம்பது வயதாவதற்குள் ஐயாவுக்குப் பென்சன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொழும்புத் துறைமுகத்தில் நீராவிக் கிரேன் ஓட்டியவர் என் தகப்பனார். மின்சாரக் கிரேன்கள் வந்து இறங்கியதும் பழைய கிரேன்களைக் கழற்றி இரும்புக்கு விற்றார்கள். அவற்றை ஓட்டியவர்களுக்குப் புது மெசின் பழக வயது போய்விட்டது என்றார்கள். ஐயாவின் கிரேனுக்குக் கரி அள்ளிப்போட்ட சிங்களப் பொடியனைப் புதுக் கிரேனில் ஏற்றினார்கள். ஐயா அவனை மல்லி என்பார், தம்பி என்று அர்த்தம். அவன் ஐயாவை அய்யே என்பான், அண்ணன் என்று அர்த்தம். அவன் மட்டுமல்ல, அந்தத் துறைமுகத்தில் எல்லோருக்குமே அவர் அய்யேதான். "வீட்டிலை ஐயா, ஹாபரிலை அய்யே, பேர் வைச்ச தாய் தேப்பன் மட்டும் வீண்" என்று அம்மா பகிடி பண்ணுவா.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஐயா தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவார், ஆனால் அதை ஒரு படம் கீறுவது போலத்தான் கீறுவார். நான் ஆங்கிலத்தில் சீனியர் சோதனை பாஸ் பண்ணினவள். அந்தப் பெருமை எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை ஒளித்துவைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஐயா சும்மா இருக்கப் பழகவில்லை. காலையில் துறைமுகத்துச் சங்கு ஊதும்போது அவர் குளித்து, காக்கிச் சட்டை போட்டு, தேத்தண்ணியும் குடித்து முடித்திருப்பார். பிறகு போக இடமில்லை. கொச்சிக்கடைப் பக்கம் நடந்து, கப்பல்கள் தெரிகிற மேட்டில் மத்தியானம் வரை நிற்பார். வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவார்.

"மல்லி இண்டைக்குச் சுமையை ஆட்டுறான். நிண்டு தூக்கு, நிண்டு தூக்கு எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

"அவனுக்கு இஞ்சையிருந்து கேக்குமே? சாப்பிடுங்கோ," என்பா அம்மா.

அந்த மூன்று வருடங்களில் அவர் மெலிந்து போனார். தலை முழுதும் நரைத்தது. வருத்தம் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, "என்ன, பென்சன்காரர், சுகமாய் இருக்கிறியள்?" என்று கேட்டால், மரியாதையாகத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தும், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்.

பிறகு ஜப்பான்காரனின் யுத்தம் எங்கள் கரைக்கு வந்தது. துறைமுகத்தில் குண்டு விழுந்ததும் வேலையாட்களில் பாதிப்பேர் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடினார்கள். கப்பல்களோ உள்ளே வர இடமில்லாமல் வெளியே காத்து நின்றன. பென்சன் எடுத்தவர்களும் திரும்பி வரலாம் என்று வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஆள் பேசி முடிக்குமுன் ஐயா சட்டையை எடுத்துவிட்டார்.

அம்மா வாசல் படலையை மறித்தா. "உங்களை வேண்டாமெண்டு அனுப்பினவங்கள். இப்ப குண்டு விழுகிற நேரம் வா எண்டால் போறதோ? உங்களுக்கு விசரோ?"

நானும் சொன்னேன். "ஐயா, நான் உழைக்கிறன். நீங்கள் இனி ஒருத்தருக்குக் கீழை நிக்கத் தேவையில்லை."

"நீ உழைக்கிறாய், நல்லது," என்றார். "அதுக்காக நான் ஏன் பிள்ளை செத்துப்போக வேணும்?"

அம்மா படலையை விட்டு விலகினா.

கிரேன் கிடைக்கவில்லை. கீழே நிலத்தில், கொக்கி மாட்டுகிற வேலைதான் கிடைத்தது. கயிற்று வலைக்குள் மூட்டைகளை அடுக்கி, வலையின் நாலு மூலையையும் சேர்த்து, மேலிருந்து இறங்கி வரும் கொக்கியில் மாட்டிவிட்டு விலகி நிற்க வேண்டும். மேலே கிரேனில் இருந்தவன் அதே மல்லி. இருபது வருடம் மேலேயிருந்து கீழே நிற்பவர்களுக்குச் சத்தம் போட்டவர், இப்போது கீழே நின்று மேலேயுள்ளவனின் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு அதைப் பற்றி ஒரு கவலையுமில்லை. துறைமுகத்துக்குள் போவதற்குக் கொடுத்த பாஸை ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் வைத்து, இரவில் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார். முகத்தில் சதை வைத்தது. சாப்பிடும்போது களனியிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வந்த புதுப் பொடியன்களின் கூத்துகளைச் சொல்லிச் சிரித்தார்.

"மல்லி அவங்களைப் பிடிச்சு வைச்சுச் சொல்லிப்போட்டான். இவர் என்ரை குரு, அய்யே எண்டுதான் கூப்பிட வேணும் எண்டு. எல்லாரும் அய்யே, அய்யேதான்."

அதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிக்காமல் குழம்பை விட்டா. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவவே சோற்றைக் கட்டிக் கொடுத்தனுப்பினா.

நானும் மனம் மாறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்பிய ஐயா, மேட்டில் நின்று வந்த ஐயாவைவிட உயிரோடு இருந்தார். கண்ணால் கண்டதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து என்னைக் கூட்டிப் போனான். பெரியாஸ்பத்திரியில் ஐயா படுத்திருந்தார். அரிசி மூட்டை வலை ஒன்று காற்றில் சுழன்று வந்து, அவரைப் பக்கத்தில் சரக்கு ஏற்ற நின்ற ரயில் வண்டிப் பெட்டியோடு சேர்த்து நெரித்துவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தூளாகிப் போயிருந்தது. காலை வெட்டவில்லை. வெட்டினதும் வெட்டாததும் ஒன்றுதான் என்று தாதி என்னிடம் தனியாகச் சொன்னாள்.

மல்லி கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். நான் அவனிடம் கோபமாகத்தான் கேட்டேன். "நீ மேலை இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீ? ஒரு சத்தம் போடக்கூடாதோ?"

"போட்டது மிஸ். நல்லாச் சத்தம் போட்டது."

"என்னெண்டு போட்டாய்?"

அவன் தலை குனிந்தான். ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"சீயா, பலாகென," என்றான். சீயா என்றால் சிங்களத்தில் கிழவரைக் கூப்பிடும் சொல், தாத்தா என்று அர்த்தம். சீயா, பார்த்துக்கொள் என்று கத்தியிருக்கிறான். "மிஸ், அய்யேக்கு முன்னாலே நாங்க அய்யே சொல்றது. பின்னாலே சீயா சொல்றது. பகிடிக்கு. எல்லாரும். நானும். அந்த நேரம் வாயிலே அதுதான் வந்தது."

நான் ஐயாவின் பக்கம் திரும்பினேன். "உங்களுக்குக் கேக்கேல்லையோ, ஐயா?"

"கேட்டது."

"அப்ப ஏன் விலகேல்லை?"

"ஆரோ கிழவன் வலைக்குள்ளை அம்பிடப் போறான் எண்டு நினைச்சன். பிடிச்சு இழுப்பமெண்டு சுத்திப் பாத்தன். ஒரு கிழவனையும் காணேல்லை."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. ஐயாவுக்குச் சிங்களம் தமிழைப் போல வரும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் விலகவில்லை.

அம்மா இதைக் கேட்டபோது, "சீ எண்டோ கூப்பிட்டவங்கள்?" என்று மட்டும் கேட்டா. நான் இல்லை, சீயா என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்றா.

ஐயா கட்டையூன்றி நடக்கத் தொடங்கியதும் விசாரணைக்கு அழைத்தார்கள். அலுவலகத்தில் மொழிபெயர்க்க ஆள் இருந்தது. நான் வேண்டாமென்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்துக்கொண்டு நானே கூடப் போனேன். என் ஐயாவின் சொல்லை இன்னொருவர் வாயில் விட எனக்கு மனமில்லை. வாசலில் தமிழ்க் கிளாக்கர் ஒருவர் எங்களை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ஐயாவுக்குக் காது மந்தம் எண்டு சொல்லிவிடுங்கோ. அப்ப ஒருத்தரிலும் பிழையில்லை. துரையும் இரங்கி ஏதாவது கொடுத்து அனுப்புவார்."

"அனுப்புவாரோ?" என்றார் ஐயா. "எங்கை அனுப்புவார்?"

"வீட்டைதான், வேறை எங்கை?"

"என்ரை காதுக்கு ஒண்டுமில்லை. செவிடனெண்டால் பிறகு கேற்றுக்குள்ளையே விடமாட்டாங்கள். கயிறு, கொக்கி குடுக்கிற அறையிலை இருந்து செய்யிற வேலை இருக்கு. அதுக்குக் கால் தேவையில்லை, காது தேவை."

அவர் அன்று எதற்காக வந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலுக்கு நியாயம் கேட்க அவர் வரவில்லை. வேலை கேட்கத்தான் வந்திருந்தார்.

உள்ளே வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஐயாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். சத்தம் கேட்டதா என்று கேட்டார். கேட்டது என்று ஐயா சொன்னார், நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு ஏன் நின்றாய் என்று கேட்டார். ஐயா எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். யாரோ ஒரு கிழவரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம் என்று நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

துரை ஐயாவின் வெள்ளைத் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "இவர் தனக்கு எத்தனை வயதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார், கேள்," என்றார். எங்களோடு உள்ளே வந்த கிளாக்கர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"துரை என்ன கேட்டவர்?" என்றார் ஐயா.

"வயசு கேட்டவர்."

"சொல்லன், பிள்ளை."

நான் வயதைச் சொன்னேன். துரை எழுதினார். கயிற்று அறை வேலையைப் பற்றி நான் கேட்டபோது, அவர் பேனையை வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். செவிடன் என்றால் பாதுகாப்பான ஒரு மூலையில் வைத்திருக்கலாம், சத்தத்தைக் கேட்டும் நிற்கிறவனை எங்கே வைப்பது என்றார். கேட்டும் விலகவில்லை என்று ஐயாவே ஒத்துக்கொண்டபடியால் நட்டஈடும் இல்லை என்றார்.

இதை ஐயாவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்து, பாஸை எடுத்து மேசையில் வைத்தார். பெட்டியைத் திரும்ப மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்திலும் பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். வயது போனவர்கள் வீட்டில் இருந்தால் என்ன, இளம் ஆட்களுக்கு இடம் விட்டால் என்ன என்று இடைவேளையில் வாதம் நடக்கும். அவர் நன்றாகப் படிப்பிக்கிறார், வரத்தானே வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு கட்சியும் அவர் இல்லாத நேரத்தில் அவரைப் பழஞ்சோறு என்றுதான் சொல்கிறது. என் முன்னால் அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படித்த திமிர் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஐயா இப்போது மேட்டுக்குப் போவதில்லை, கால் விடாது. சங்கு ஊதும்போது எழும்புவதும் இல்லை. மல்லி இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று "அய்யே" என்று கூப்பிட்டான். ஐயா உள்ளே இருந்துகொண்டு, "ஆரைத் தேடுறான் எண்டு கேள்," என்றார். மூன்றாம் முறை அவன் வரவில்லை.

காலைக் காட்டுவதற்கு மாதத்துக்கொருமுறை நான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். புறக்கோட்டை வரை றிக்சோவில், பிறகு ட்ராமில். போன முறை ட்ராமில் நல்ல சனம். ஐயா கம்பியைப் பிடித்தபடி நின்றார். எங்களுக்குப் பின்னால், படிக்குப் பக்கத்தில், முதுகு கூனிய சிங்களக் கிழவர் ஒருவர் மூட்டையோடு ஏறினார். கொண்டக்டர் அவரைப் பார்த்து, "சீயா, இஸ்ஸரஹட்ட," என்று சத்தம் போட்டான். முன்னால் போகச் சொன்னான்.

ஐயா உடனே கட்டையை ஊன்றிச் சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போகத் தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"உங்களை இல்லை, ஐயா. அங்கை, பின்னாலை நிக்கிறவரை."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆரை எண்டு பாத்துக்கொண்டு நிக்க ஏலாது, பிள்ளை," என்றார். என் கையை விலக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் முன்னால் போனார்.