பழைய டவுனில் எண்ணிய காலடிகள்

அப்பா வந்தார். அம்மா வந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இரவல் வாங்கிய கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைசியாக நான். எனக்கு ஒன்பது வயது.

அம்பிட்டியவிலிருந்து கண்டி. கண்டியிலிருந்து தெல்தெனிய. இரண்டு பஸ். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய டவுன், அந்த வருட வறட்சியில் வெளியே தெரிந்தது. சனிக்கிழமை கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிறு சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அப்பா அங்கே பிறந்தவர். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

கண்ணுக்கு எட்டியவரை வெடித்த சேறு. நடுவில் வீடில்லாத வாசற்படிகள், பாதிப் பாலம், கோயிலின் கல்படி.

"கண்டியில பாலைவனம்! யாருக்குக் கெடைக்கும்?" என்றார் மாமா. ராசா காலத்துப் புதையல் இருக்கிறது என்று என்னிடம் கதை விட்டார். நான் நம்பினேன்.

தேத்தண்ணிக்கு அவர் பால் போத்தலை எடுத்தார். அம்மா பிடுங்கிக்கொண்டார்.

"தொடாத. அது ஒன் மச்சானோடது."

"மச்சான் எப்ப இருந்து பால் குடிக்கிறாரு?"

யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பத்து மணி வெயிலில், அப்பா கோயில் படியிலிருந்து எண்ணி நடந்தார். நூற்று நாற்பது. போய் நின்ற இடம் பழைய தார் ரோடு. திரும்பி வந்து மறுபடி நடந்தார். மறுபடியும் ரோடு.

"ரோட்டுக்குள்ளயா மச்சான் புதையல வச்சீங்க?" என்றார் மாமா.

அம்மாதான் கேட்டார். "அப்ப எண்ணுனீங்களே, என்ன வயசு ஒங்களுக்கு?"

"ஒம்பது."

"அந்தக் காலா இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"செருப்பக் கழட்டிட்டு நட புள்ள," என்றார் அப்பா. "வாய் தொறக்காம எண்ணு. நானும் அப்பிடித்தான் எண்ணுனேன்."

நடந்தேன். சேறு சுட்டது. மாமா பக்கத்தில் வந்து, "பானை நெறையத் தங்கம், பாதி எனக்கு" என்று காதுக்குள் சொன்னார். சிரித்துவிட்டேன். எண்ணிக்கை போய்விட்டது.

திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். இன்னும் கொஞ்சம் நடந்து ரோட்டுக்கு இப்பால் நின்றேன்.

"நூத்தி நாப்பதா?"

"ஆமாப்பா."

"சரியா எண்ணுனியா?"

"ஆமாப்பா."

அப்பா குந்தினார். தோண்டவில்லை. வெடிப்புக்குள் பாலை ஊற்றினார், போத்தல் முடியும்வரை. மாமா தொப்பியைக் கழற்றினார். புதையல் எங்கே என்று கேட்டேன். அக்கா கிள்ளினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் வைத்ததாக ஞாபகம் இல்லை. "எம் புள்ளதான் கண்டுபுடிச்சா," என்று கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டருக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

அங்கே இருந்தது அப்பாவின் தங்கச்சி. பால்குடி மறக்காத பிள்ளை என்பதால் எரிக்காமல் புதைத்திருக்கிறார்கள். டவுனைக் காலி பண்ணும்போது, அடையாளமாக நின்ற மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அதனால்தான் எண்ணி வைத்திருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா சொன்னார்.

தண்ணீர் ஏறிவிட்டது. அப்பா இப்போதும், "ரோட்டுக்கு இந்தப் பக்கந்தான்," என்பார். தலையாட்டுவேன்.

அன்றைக்கு நான் எண்ணியது எண்பத்தாறு.