ஒவ்வாமை: இல்லை

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் இளமதிக்குக் கம்ப்யூட்டர் வேலை. நோயாளிகளின் விவரங்களைப் பழைய பாக்ஸ்புரோ புரோகிராமில் ஏற்றுவாள். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதைக் கடைசிக் கட்டத்தில் தமிழிலேயே தட்டிவைப்பாள்.

2005இல், எல்லாவற்றையும் ஜாவாவில் எழுதிய புதுப் புரோகிராமுக்கு மாற்றச் சென்னையிலிருந்து தினகரன் வந்தான். கடைசிக் கட்டத்தைப் பற்றி இளமதி அவனிடம் கேட்டாள்.

"அது பழைய ஃபாண்ட் மேடம். புதுசுல எழுத்தெல்லாம் கோணல்மாணலா வருது. குப்பைன்னு விட்டுட்டோம்."

"குப்பையா? உயிர் சமாச்சாரம் கீது சார் அதுல!"

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

இளமதி மேனேஜர் பஞ்சாட்சரத்திடம் ஓடினாள். "புதுசு வந்தா உன் வேல பூடும்னு பயப்படறியாம்மா?" என்று சிரித்தார் அவர். அந்தப் பயமும் உள்ளே இருந்ததால் அவள் தன் இடத்துக்கே திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை புதுப் புரோகிராம் ஓட ஆரம்பித்தது. பதினொரு மணிக்குக் காவாந்தண்டலத்து இருளர் குடியிருப்பிலிருந்து செங்கேணி வந்தாள். அறுப்பில் அரிவாள் பட்டுக் கால் கிழிந்திருந்தது. சிஸ்டருக்குப் போகவேண்டிய சீட்டு பிரின்டரிலிருந்து வெளியே வந்தது. 'ஒவ்வாமை: இல்லை.'

ஆறு வருஷத்துக்கு முன் இதே செங்கேணி, ஊசி போட்ட ஐந்தாவது நிமிஷம் முகம் வீங்கி, மூச்சுக்குத் தவித்ததைக் கண்ணால் பார்த்தவள் இளமதி. சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் சிஸ்டர் தன் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், போடாதீங்க! இந்தக்காவுக்குப் பென்சிலின் ஆவாது!"

"ஸ்கிரீன்ல இல்லன்னுதானே போட்டுக்கீது?"

"இன்னா ஊசின்னு எனுக்குத் தெரியாதும்மா," என்றாள் செங்கேணி. "அன்னிக்கிச் செத்துப் பொழச்சேன், அது மட்டுந்தான் தெரியும்."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். டாக்டர் வேறு மருந்து எழுதினார்.

தினகரனை இழுத்துவந்து புதுப் புரோகிராமைத் துருவினார்கள். காலியாக விட்ட இடத்தையெல்லாம் அதுவாகவே 'இல்லை' என்று நிரப்பியிருந்தது. அப்படிக் குறிப்பு தொலைந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஓரங்கட்டி வைத்திருந்த பழைய மிஷினைக் கிளப்பி, இளமதி வாசிக்க வாசிக்க, நான்கு நாள் தினகரனே உட்கார்ந்து தட்டினான்.

ஒன்பது பேரின் குறிப்பு மட்டும் டிஸ்க் கெட்டுப்போய் வாசிக்க வரவில்லை. ஊர் ஊராக ஆள் அனுப்பியதில் ஏழு பேர் கிடைத்தார்கள். மீதி இரண்டு பேரும் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள், எந்தப் பக்கம் என்று அக்கம்பக்கத்தில் எவருக்கும் தெரியவில்லை. அவர்கள் வேறு ஏதாவது ஊரில் சட்டைக் கையைச் சுருட்டி ஊசிக்கு நீட்டுவார்களே என்று, சூளைப் பக்கமிருந்து யார் வந்தாலும் அந்த இரண்டு பெயரையும் சொல்லி விசாரிப்பாள் இளமதி.