கை அறியாத கலயம்

காலை 6.40. இராமநாதபுரத்தில் தனுஷ்கோடி ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு ரூபாய் முப்பத்தைந்து நயா பைசா. தூரம் ஏறக்குறைய நாற்பத்திரண்டு மைல். மடியில் மஞ்சள் துணி சுற்றிய மண்கலயம். அதில் அம்மாவின் அஸ்தி. நான் ஒரே மகன். கடலில் விட வேறு ஆள் கிடையாது.

கலயத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன் என்பது கண்ணால்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடங்களாக என் கைகள் உண்மை சொல்வதில்லை. உலர்ந்த மாவு பூசியதுபோல் இருக்கும். பாதங்களுக்கோ எந்தத் தரையும் பஞ்சு. நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகும் நோய் என்றார் மதுரை டாக்டர். காலைப் பார்க்காமல் நடந்தால் சாய்ந்துவிடுவேன்; பார்க்கக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகு வழியே மின்சாரம் இறங்கும்.

மண்டபம் தாண்டி, பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. எல்லோரும் ஜன்னலோரம் கூடினார்கள். நானும் ஒரு தடவை கடலைப் பார்த்தேன். அந்தக் கணமே கையில் ஒன்றுமில்லாமல் போயிற்று. பதறிக் குனிந்தேன். கலயம் இருந்தபடியே இருந்தது. விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன, யாருடைய விரல்களோ போல.

9.20. தனுஷ்கோடி. தண்டவாளத்தை மூடிய மணலை ஆட்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். வாரிய இடத்திலேயே காற்று மறுபடி மணலைக் கொண்டுவந்து போட்டது. நான் கடிதம் எழுதியிருந்த சாஸ்திரிகள் கரையில் காத்திருப்பதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். மணலில் பத்தடி போவதற்குள் இரண்டு முறை சாய்ந்தேன். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் சிரித்தார்.

"என்னய்யா, காலங்காத்தாலயேவா? இந்த மதுவிலக்குல எங்கன கிடைச்சுதுன்னு நமக்கும் சொல்லுங்க. போலீசுக்குச் சொல்லமாட்டேன்."

"குடிக்கலப்பா. கால் சொன்னபடி கேக்கல."

அப்போதுதான் அவர் கலயத்தைக் கவனித்தார். சிரிப்பு நின்றது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். பெயர் சூசை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை.

10.15. வடக்கே, அலையில்லாததால் பெண்கடல் என்று இங்கே சொல்லும் கடல் குளம்போல் அசையாமல் கிடந்தது. தெற்கே, அலையடிக்கும் ஆண்கடல் பக்கம்தான் சடங்கு. அங்கே பேசுவது காதில் விழக் கத்த வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலாகக் கலயத்தைப் பின்னால் விடவேண்டும் என்றார் சாஸ்திரிகள்.

"திரும்பிப் பார்க்கப்படாது. நீர் பார்த்தா அவாளும் திரும்பிப் பார்ப்பா. போக மனசு வராது."

"பாக்காம எனக்கு ஒண்ணும் தெரியாதே, சாமி."

"தெரியவேண்டாம். விட்டாப் போறும்."

முழங்காலளவு தண்ணீரில் நின்றேன். தண்ணீர் நனைத்ததும் கண்ணுக்குத்தான் தெரிந்தது. சூசை பக்கத்தில் நின்று என் இடுப்பைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியும் எனக்குத் தெரியவில்லை. நோய் கட்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டை அங்கே எப்போதும் இறுக்கிக்கொண்டேயிருக்கிறது. கலயத்தைத் தோளுக்கு மேலே தூக்கினேன். அது என் பார்வையிலிருந்து மறைந்தது.

கண்மூடி மந்திரம் சொல்லி முடித்துச் சாஸ்திரிகள் கையசைத்தார். விரல்களைத் திறந்தேன். கனம் குறையவில்லை. இன்னும் அகலத் திறந்தேன். கலயம் கையிலேயே உட்கார்ந்திருந்தது.

"சூசை, போயிருச்சா?"

ஓர் அலை இரைந்து அடங்கியது.

"எப்பவோ போயிருச்சேய்யா. அய்யரு கைய அசைக்கதுக்கு முந்தியே. கைய இறக்குங்க."

கைகளைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தேன். வெறுமையாக இருந்தன. கனம் மட்டும் இருந்தது.

"எப்படிப் போச்சு? நழுவி விழுந்துச்சா?"

"விழுந்த மாதிரி இல்லய்யா." சூசை சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "யாரோ பின்னாடி நின்னு வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

சாஸ்திரிகளிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று சூசையே சொன்னார். அம்மா எந்த நொடியில் என் கையை விட்டுப் போனாள் என்பதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கழுத்து பின்னால் திரும்பத் துடித்தது. சூசை தன் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்துத் தடுத்தபடியே கரைவரை கூட்டிவந்தார்.

பிற்பகல் 3.30. திரும்பும் வண்டி. பாம்பனில் காலி மீன்கூடையோடு ஏறிய ஒரு பெண் எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"கையில என்னய்யா வச்சிருக்கீக, இம்புட்டுப் பத்திரமா?"

என் கைகள் மடியில் குவிந்திருந்தன. குனிந்து பார்த்த பிறகுதான், "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னேன்.