யாரும் அழிக்காத சுற்று

கமலவேணி அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி காலை பஸ்ஸில் பசறைக்கு வந்தது. கண்டக்டர் இறங்கி, வாசலில் நின்ற எங்கள் அதிபரிடம் சொன்னார். முதல் பாடம் தொடங்கியிருந்தது. அதிபர் வகுப்புக்குள் வந்து, "நம்ம கமலவேணி போயிட்டா" என்று மட்டும் சொன்னார். மஞ்சள் காமாலை என்று அவரைச் சேர்த்திருந்தது எங்களுக்குத் தெரியும். தேறி வந்துவிடுவார் என்றுதான் இருந்தோம். பரமேஸ்வரி எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து எல்லோரும் நின்றோம். எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் பிறகு உட்கார்ந்தோம்.

இந்தப் பள்ளி மலரைப் படிக்கிற பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நமுனுகுல மலைச்சரிவில் உள்ள எங்கள் தோட்டத்தில்தான் அவர் பிறந்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்த்தவர். அம்மா அக்காவின் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். அக்கா இதே பள்ளியில் படித்து, பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பிறகு புலமைப்பரிசிலில் இங்கிலாந்துக்குப் போனார். பொறியியலுக்கான பிரயோக கணிதத்தில் முதுமாணிப் படிப்பு. அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அக்காவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அவர்கள் இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிரஜாவுரிமை கிடைக்காத மற்றக் குடும்பங்கள் இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

படிப்பு முடியும் தறுவாயில் அவருக்குத் தந்தி போனது. அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அக்கா வந்துவிட்டார். பரீட்சைகளில் எல்லாம் தேறியிருந்தார். ஆய்வேடு மட்டும்தான் பாக்கி. அதை இங்கிருந்தே எழுதி அனுப்பலாம், ஆனால் அந்த மாத முடிவுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. பிந்தினால் பட்டம் இல்லை.

அவர் வந்த மறுநாள் லயத்துப் பெண்கள் பார்க்கப் போனார்கள். நானும் அம்மாவோடு போயிருந்தேன். கடைசிக் காம்பராவில் இருக்கும் மாரியாயி அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து விசாரித்தார்.

"சீமையில என்னா தாயி படிச்ச?"

"கணக்குங்க அத்தை."

"அடி ஆத்தி! கணக்குப் படிக்கவா கப்பலேறிப் போன? நம்ம கணக்கப்புள்ள எங்கயும் போகாமத்தானே தெனம் நம்ம கொழுந்தக் கொறைச்சுப் போடுறாரு!"

அக்கா சிரித்ததில் அவர் அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அது சிரிப்புத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "அந்தக் கணக்கு எனக்கு வராதுங்க அத்தை" என்றார் அக்கா.

அவருடைய ஆய்வு, மழைத் தண்ணீர் மண்மேட்டுக்குள் எப்படி இறங்குகிறது, அணைச்சுவரை எந்த இடத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பற்றியது. அங்கே இருக்கும்போது அட்டைகளில் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துக் கணக்குகளைச் செய்திருந்தார். கடைசிக் கணக்கு ஓடுவதற்குள் தந்தி வந்துவிட்டது. பதுளை முழுவதும் தேடினாலும் அப்படியொரு யந்திரம் கிடையாது. கையால் தனியாகச் செய்தால் மாதம் போய்விடும். அக்கா அதிபரிடம் வந்து, உயர்தர வகுப்பு மாணவிகளைப் பள்ளி விட்ட பிறகு தர முடியுமா என்று கேட்டார். கடைசிக் கணக்குக்கு அவர் எடுத்துக்கொண்டது எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள மேட்டையும் அதைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவரையும்தான். கயிறு பிடித்து அளக்க நாங்களும் போனோம்.

மண்டபத்தில் நீள வாங்குகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொருத்தியும் மேட்டுக்குள் ஒரு புள்ளி. பாலர் வகுப்பிலிருந்து கற்பலகைகளை வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தார் அக்கா. மேட்டின் உச்சியில் தண்ணீரின் அளவு நூறு. சுவரடியில் வைக்கவேண்டிய வடிகாலில் சைபர்; அங்கே ஆள் இல்லை, சைபர் எழுதிய ஒரு பலகை மட்டும். நடுவில் இருப்பவர்களுக்கு முதலில் ஏதோ ஓர் எண். முன்னால், பின்னால், இடம், வலம் என்று நான்கு பேரின் பலகைகளையும் பார்த்து, கூட்டி, நாலால் வகுத்து வருவதுதான் நமது புது எண். எல்லோரும் செய்தால் ஒரு சுற்று. திரும்பத் திரும்பச் செய்தால் எண்கள் மெல்ல மெல்ல அசைவதை நிறுத்தும். அப்போது ஒவ்வொரு பலகையிலும் நிற்பதுதான் அந்த இடத்தின் உண்மையான அளவு.

பரமேஸ்வரிக்கு உச்சியில் இடம். அவளுடைய நூறு மாறவே மாறாது. முதல் நாளிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எல்லாரும் எழுதுறாளுக. நான் மட்டும் சாமி செலை மாதிரி உக்காந்திருக்கேன்."

"தேங்கா ஒடைக்கவா?" என்றாள் ஸரீனா. பசறை பஜாரில் புடவைக் கடை வைத்திருப்பவரின் மகள். வாய் சும்மா இருக்காது.

அக்கா சிரிக்காமல் பதில் சொன்னார்: "மாறாம நிக்கிறவளும் வேலைதான் செய்றா, பரமேசு. நீ அசைஞ்சின்னா இங்க ஒருத்தியும் நிக்க முடியாது." அன்றைக்குப் பிறகு பரமேஸ்வரி தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பலகையை வாங்கில் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு கட்டளையை மட்டும் அக்கா அழுத்திச் சொல்லியிருந்தார். புது எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் பழைய எண் அப்படியே இருக்க வேண்டும். எல்லோரும் முடித்த பிறகு அவர் கை தட்டுவார். அப்போதுதான் எல்லோரும் ஒன்றாக அழித்து எழுத வேண்டும்.

இரண்டாவது வாரம் தன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததால் அக்காவால் வர முடியவில்லை. "சுற்றை விடாம போட்டுக்கிட்டே இருங்க" என்று சொல்லி அனுப்பினார். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. யார் கை தட்டினாலும் கேட்காது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் அம்மாமாரோடு கொழுந்தெடுக்கப் போகிறவர்கள். ஒரு தேயிலை நிரையை முடித்தவள் அடுத்த நிரைக்குப் போய்விட வேண்டும். நின்றால் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஏச்சு. அதே பழக்கத்தில் கணக்கை முடித்தவள் முடித்த உடனேயே பலகையை அழித்துப் புது எண்ணை எழுதினாள். பக்கத்தில் இருந்தவள் அந்தப் புது எண்ணைப் பார்த்துத் தன் கணக்கைப் போட்டாள். சிலருக்கு இரண்டு பழைய எண், இரண்டு புதிய எண். நாங்கள் நன்றாக வேலை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டோம்.

அக்கா திரும்பி வந்த அன்று, வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தார்.

"யாரு கை தட்டுறது?"

"யாரும் இல்லைக்கா" என்றேன் நான்.

"அப்ப எப்படி எல்லாரும் ஒண்ணா அழிக்கிறீங்க?"

"ஒண்ணா அழிக்கலைக்கா. முடிச்சவ அழிச்சிட்டுப் போயிக்கிட்டே இருக்கா" என்றாள் ஸரீனா. "நின்னா கங்காணி ஏசுவாராம். இவளுக சொல்லித்தான் எனக்கும் தெரியும்."

 அக்கா முன் வாங்கில் உட்கார்ந்து எங்கள் தாள்களையெல்லாம் கேட்டு வாங்கினார். மாதம் முடியப் பத்து நாள்கூட இல்லை. தபாலுக்கே அதில் பாதி போய்விடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட நேரமே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். பரமேஸ்வரி தன் நூறைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அவள் மட்டும்தான் எந்தத் தவறும் செய்யாதவள்.

தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு இடத்தில் நிறுத்தி, முந்திய வாரத்துத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் அந்தப் பெரிய சிரிப்பு வந்தது.

"அடிப் பாவிகளா! நான் சொன்னபடி போட்டிருந்தா இன்னும் பாதி வழிதான் வந்திருப்பீங்க. இதுவும் ஒரு முறைதான், புஸ்தகத்துல இருக்கு. கம்ப்யூட்டருக்கு இப்படித்தான் சொல்லிக் குடுப்போம். மனுசங்க வச்சுப் போட்டா கொழம்பிடுவாங்கன்னுதான் உங்களுக்குச் சொல்லலை."

"அப்ப தப்பு இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"எப்படிப் போனாலும் கடைசியில போய் நிக்கிற எடம் ஒண்ணுதான். நீங்க வெரசா போயிட்டீங்க. அவ்வளவுதான். ஆனா பழைய நம்பரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்காம, பக்கத்துல இப்ப என்னா இருக்குன்னு பாத்துப் போட்டீங்க பாரு, அதை விட்டுடாதீங்க."

அதன் பிறகு அவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்தார். அது வள்ளியம்மையின் இடம். அவள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போக நாள் குறித்து வந்திருந்தது. முந்திய நாள் பதுளையில் ரயில் ஏறிவிட்டாள். அவளுடைய பலகையில் இருந்த எண்ணை அழிக்காமல் அங்கிருந்தே அக்கா தொடர்ந்தார்.

கடைசி நாளை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். ஒரு சுற்றில் மூன்று நான்கு பேர்தான் அழித்தார்கள். அடுத்த சுற்றில் ஸரீனா மட்டும். அதற்கடுத்த சுற்றில் எல்லோரும் கூட்டினோம், வகுத்தோம், பலகையைப் பார்த்தோம். யாரும் அழிக்கவில்லை. அழிக்க எதுவும் இல்லை.  அக்கா எழுந்து ஒவ்வொரு வாங்காக நடந்து எண்களைத் தாளில் குறித்துக்கொண்டார்.

தோட்டத்து ஆபீஸ் டைப்ரைட்டரில் ஆய்வேட்டை அடித்து, அதில் இல்லாத குறியீடுகளைப் பேனாவால் போட்டு, பதுளைக்குக் கொண்டுபோய் விமானத் தபாலில் அனுப்பினார். அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி அட்டவணையைக் கணக்கிட்ட யந்திரம் எது என்று பரீட்சகர் கேட்டு எழுதியிருந்தாராம். "பசறையில, மூணு வரிசை வாங்குன்னு பதில் போட்டேன்" என்று எங்களிடம் சொன்னார். பட்டம் கிடைத்தது. அதற்குப் பின்பு பதுளையில் அரசாங்க வீதித் திணைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்து, மடுல்சீமைப் பாதையில் சரிகிற மேடுகளை மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பார்த்துத் திரிந்தார். எங்கள் பள்ளிச் சுவரின் அடியிலும் அவர் சொல்லித்தான் தண்ணீர் வடியக் குழாய்கள் வைத்தார்கள். ஒன்றரை வருடம்கூட அந்த வேலையில் இருக்கவில்லை.

அடக்கத்தன்று மழை பெய்தது. அவர் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரியாயி அத்தை அவர் பக்கத்திலேயே நின்று குடை பிடித்தார். மண் போடும்போது பரமேஸ்வரி முன்னால் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

என் கற்பலகை பாலர் வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டது. யாரோ ஒரு சின்னப் பிள்ளை அதில் எழுத்துப் பழகிக்கொண்டிருக்கும். என்னிடம் இருப்பது அதில் கடைசியாக நின்ற எண். நாற்பத்து மூன்று. என் புள்ளி பள்ளிக்குப் பின்னால் மேட்டில், தண்ணீர்ப் பைப்புக்கு நேர் கீழே. மழை நாளில் அங்கே கை கழுவப் போனால், என் காலடியில் மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். இடது பக்கத்தில் ஸரீனாவுக்கு எவ்வளவு, வலது பக்கத்தில் வள்ளியம்மையிடமிருந்து அக்கா வாங்கிக்கொண்ட இடத்தில் எவ்வளவு என்பதும் தெரியும். அந்த எண்ணை இனி யாரும் அழிக்கப்போவதில்லை.